நாலு வீதியிடம் விடைபெறுகிறேன்

காவிரிக் கரையின் நாயன வித்வான்களுக்கும், தவில் வித்வான்களுக்கும், தாளம் போடும் தம்பிகளுக்கும், சீவாளி கட்டுகிறவர்களுக்கும், நரசிங்கம்பேட்டை ஆசாரிமார்களுக்கும்,



மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. வைகாசி முடிவதற்குள் கும்பகோணத்து வீட்டைக் காலிசெய்துவிட்டுக் கோவைக்குப் போகிறேன். உங்களில் பலருக்கு என் பெயர் தெரியாது, முகம் தெரிந்திருக்கும். சுவாமி புறப்பாட்டில் தவிலுக்குப் பத்தடி பின்னால் நடந்து வந்து, நீங்கள் நின்றால் நின்று, நீங்கள் நகர்ந்த பிறகே நகரும் ஆள்.

ஊரைவிட்டுப் போகிறவர்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்வார்கள், பால்காரருக்குக் கணக்கு முடிப்பார்கள். ‘பாட்டிடம்கூடவா போய்ச் சொல்லிக்கொள்வீர்கள்?’ என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என் கைபேசியில் இருக்கிறது. காருகுறிச்சியார் இருக்கிறார், திருவீழிமிழலை சகோதரர்கள் இருக்கிறார்கள். கோவையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து அத்தனையும் கேட்கலாம். ஆனால் இங்கே இருந்த காலத்தில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. நீங்கள் வாசிப்பது இடத்தோடும் நேரத்தோடும் சேர்த்துக் கட்டிய சங்கீதம். அதைப் பதிவுசெய்யலாம். ஊரைவிட்டு எடுத்துப்போக முடியாது. அதனால்தான் முறையாக விடைபெற வேண்டியிருக்கிறது.

நான் சங்கீதம் கற்றவன் இல்லை. கேட்ட விதத்தைத்தான் சொல்ல முடியும்.

சபாவில் நாற்காலி எண் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கச்சேரி முடியும்வரை பாட்டுக்கும் நமக்கும் ஒரே தூரம். தெருவில் அப்படியில்லை. கோயிலுக்குள் தவிலில் அலாரிப்பு விழும்போது நான் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்திருப்பேன். கம்பீர நாட்டையில் மல்லாரி எழுந்தால் சுவாமி புறப்பட்டாயிற்று என்று பொருள். கையைக் கழுவிக்கொண்டு சட்டையை மாட்டுவேன். கோபுர வாசலைத் தாண்டியதும் நாயனத்தின் குரலே மாறும். மண்டபத்துக் கல்லில் மோதித் திரும்பிக்கொண்டிருந்த ஓசை, வானத்தின் கீழ் வந்ததும் நேராகப் பாயும். ஊர்வலம் அடுத்த வீதிக்குத் திரும்பிவிட்டால் நடுவில் வீடுகள் மறைக்கும். அப்போது தவிலின் தொப்பி மட்டும் தரையோடு வந்து சேரும். நாயனம் எங்கே இருக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டும். மறு முனையில் அது முழு உடம்போடு வெளிப்படும்போது ராகம் எங்கோ போயிருக்கும். நடுவில் என்ன நடந்தது என்பதை அவரவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். எந்த ஒலிப்பதிவில் இது வரும்?

மல்லாரியைப் பற்றி இங்கே வந்துதான் விவரமாகத் தெரிந்துகொண்டேன். சாகித்தியம் கிடையாது, சொல்லின் துணையே இல்லாமல் ஒரு தெய்வத்தைத் தெருவுக்கு அழைத்துவருகிற உருப்படி அது. தளிகைக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒன்று, தேருக்கு ஒன்று. உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கோயிலுக்கு வெளியே பூக்கட்டிக்கொண்டிருக்கும் அம்மாள் காதாலேயே சொல்லிவிடுவார். விடியலில் பூபாளமும் பௌளியும், பள்ளியறைக்கு நீலாம்பரி என்று பொழுதுக்கு ராகம் வகுத்து வைத்திருக்கிறீர்கள். நீலாம்பரியைப் பகல் பதினொரு மணிக்கு ரயிலில் கேட்டுப் பார்த்தேன். ராகம் இருந்தது, ராத்திரி இல்லை.

நாச்சியார்கோயில் கல் கருடன் புறப்பாட்டில் எனக்கு இன்னொரு விஷயம் விளங்கியது. மார்கழியிலும் பங்குனியிலும் கருடன் வெளியே வருவார். சன்னிதியில் 4 பேர் தோள் கொடுப்பார்கள். வெளியே வர வர 8, 16, 32, கடைசியில் 64 பேர் சேர்ந்து தூக்குவது வழக்கம். பாரம் கூடக்கூட நடை தளர்கிறது. நடை தளர்ந்தால் ராகத்துக்கு இடம் கிடைக்கிறது. ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரிக்கும் உங்கள் மரபைப் பற்றி எழுதுகிறவர்கள் மேதைகளைப் பற்றித்தான் எழுதுவார்கள். சரிதான். ஆனால் தோளில் மரம் அழுந்த, அங்குலம் அங்குலமாக நகரும் சீபாதந்தாங்கிகளுக்கும் அதில் பங்கு உண்டு. அவர்கள் அவசரப்பட்டிருந்தால் ரக்தியும் பல்லவியும் இத்தனை தூரம் வளர்ந்திருக்காது. சுவாமியை டிராக்டரில் ஏற்றி, ஒரே மூச்சில் நாலு வீதியையும் சுற்றி முடித்துவிடும் ஊர்களில் உங்கள் வாசிப்பும் சுருங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே குறைந்தது திறமை இல்லை, நடை.

மாயவரம் பாசஞ்சரில் ஏறி ஆடுதுறை தாண்டி நரசிங்கம்பேட்டையில் இறங்கியதும் மரம் இழைக்கும் ஓசை கேட்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். பட்டறைகள் இப்போது கொஞ்சம்தான். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது கூட்டம் வந்தது, படம் எடுத்தது, போனது. ஆசாரிமார்களே, உங்கள் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த பிற்பகல்களுக்கு நன்றி. புதிதாக வெட்டிய மரத்தை நீங்கள் தொடுவதில்லை. ஈரம் முழுக்கப் போன ஆச்சா மரம்தான் வேண்டும். அதற்காகப் பழைய வீடு எங்கே இடிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறீர்கள். பல பத்தாண்டுகள் ஒரு குடும்பத்தின் கூரையைத் தாங்கிய உத்தரத்தைக் கடைந்து நாயனத்தின் உடலான உலவு ஆக்குகிறீர்கள். உள்ளே துளை போகும் நேர்மையைக் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் கடைசலில் ஏற்றுவீர்கள். ஏழு துளைகள் விரலுக்கு, கீழே உள்ளவை சுருதிக்கு. அந்தக் கீழ்த் துளையில் கொஞ்சம் மெழுகை வைத்து அடைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மறுபடி சுரண்டி எடுத்து, மறுபடி வைத்து, பொழுது சாயும்வரை நடந்த அந்த வேலைக்குப் பெயர் தச்சா, சங்கீதமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ராஜரத்தினம் பிள்ளையும் உங்கள் ஊர் ரங்கநாத ஆசாரியும் சேர்ந்து செய்த காரியத்தை நீங்கள் நேற்று நடந்ததுபோல் சொல்வீர்கள். அதுவரை கட்டை ஏறிய திமிரி நாயனம்தான் எங்கும். பழைய வாத்தியத்தில் சுத்த மத்திமம் சரியாக நிற்காது. விரலாலும் மூச்சாலும் சமாளிக்க வேண்டும். நீளத்தைக் கூட்டி, சுருதியை இறக்கி, மத்திமத்தைத் தன் இடத்தில் உட்காரவைத்தது அவர்கள் உருவாக்கிய பாரி நாயனம். ஒரு வித்வானின் காதும் ஒரு ஆசாரியின் கையும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருந்ததால் நடந்தது அது. திருவாவடுதுறையிலிருந்து நரசிங்கம்பேட்டைக்கு நடந்தே வந்துவிடலாம்.

நாயனத்தை ஊத வாயில் வைக்கும் சீவாளியும் அதே திருவாவடுதுறையில்தான். காவிரிக் கரைக் கொறுக்கைத் தட்டையை அறுத்து, காயவைத்து, பதப்படுத்தி, நாயனத்தின் கெண்டைக் குழலில் பொருத்தும்படி நூலால் கட்டித் தருகிறீர்கள். நாயனத்தில் ஒரு கொத்துச் சீவாளி தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அலங்காரம் என்று நினைத்திருப்பார்கள். ஒரு கச்சேரிக்குள் வெயிலுக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என்று மாற்ற வேண்டியிருப்பது பக்கத்தில் நின்றால்தான் தெரியும். ஆற்றில் தண்ணீர் வந்தால் தட்டை விளையும். தட்டை விளைந்தால் தோடி கேட்கும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்கிறார்களா என்று விவசாயி பேப்பரைப் பார்ப்பது தெரிந்ததுதான். சீவாளி கட்டுகிறவரும் பார்க்கிறார்.

இந்தப் பகுதியில் பேருந்து நிலையத்தில் நின்று வழிப்பலகைகளைப் படித்தால் போதும், வித்வான்களின் பெயர்கள் பாதி வந்துவிடும். நீடாமங்கலம் என்றால் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில். வலங்கைமான் என்றால் சண்முகசுந்தரம் பிள்ளை. அரித்துவாரமங்கலம் என்றால் பழனிவேல். திருவிடைமருதூருக்கு வீருசாமி பிள்ளை, அம்மாசத்திரத்துக்குக் கண்ணுசாமி பிள்ளை, குளிக்கரைக்குப் பிச்சையப்பா. ரக்தி என்றால் செம்பனார்கோயில், கீர்த்தனம் என்றால் திருவீழிமிழலை. திருவாரூரோ சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த ஊர். கண்டக்டர் ஊர் பெயரைக் கூவும்போதெல்லாம் எனக்கு அதன் பின்னால் ஒரு பிள்ளைவாள் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அரைமணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் நாலு பாணியைத் தாண்டிப்போகிற ஊர்வரிசை வேறெங்கே இருக்கிறது?

வெளியூர்க்காரன் நான் மட்டும் இல்லை என்பது ஒரு ஆறுதல். திருநெல்வேலிப் பக்கத்துக் காருகுறிச்சி அருணாசலம் இங்கே வந்து ராஜரத்தினம் பிள்ளையிடம் பாடம் கேட்டார், அவர் பக்கத்தில் நின்று வாசித்தார். கடல் தாண்டி, இணுவிலிலிருந்து தட்சிணாமூர்த்தி வந்து நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளையிடம் தவில் கற்றார். பிற்பாடு அவர் வாசித்ததை உங்கள் பெரியவர்கள் இன்றும் கண்கலங்கப் பேசுகிறார்கள். ஆந்திரத்துக் கரவதியிலிருந்து ஷேக் சின்ன மௌலானா வந்தார். வீட்டிலேயே நாயனப் பரம்பரை இருந்தும், தஞ்சாவூர்ப் பாணி கேட்டு மயங்கி, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் சிஷ்யராகச் சேர்ந்தார். கடைசியில் ஸ்ரீரங்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு ஊர்க்காரராகிவிட்டார். மூவரும் உங்களிடம் வாங்கியதை விரலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்பவனுக்கு விரல் கிடையாது. அவன் எதை எடுத்துப்போவான்?

அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் மனத்தாங்கல்.

இது உங்கள் மேல் அல்ல. உங்களைக் கூப்பிடுகிறவர்கள் மேல். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதால் சொல்ல உரிமை உண்டு. கல்யாண மண்டபத்தில் உங்களை ஒரு மூலையில் உட்காரவைத்து, முகத்துக்கு நேராக மைக்கை நிறுத்துகிறோம். அரைமைல் தாண்டிக் கேட்பதற்கென்றே செய்த வாத்தியத்துக்கு மைக். அந்த இரைச்சலில் விருந்தாளிகள் பேச முடியாமல் போக, ‘கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க’ என்கிறோம். புகைப்படக்காரர் கையைக் காட்டினால் கரகரப்பிரியா பாதியில் நிற்கிறது. தாலி கட்டும்போது ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்று ஆள்காட்டி விரலை ஆட்டுகிறோம். அந்த ஒரு நிமிடச் சத்தத்துக்குத்தான் பணம் கொடுத்திருப்பதாக நினைப்பு. நடுநடுவே சினிமாப் பாட்டுக்குத் துண்டுச்சீட்டு வேறு. இப்போது மாப்பிள்ளை அழைப்புக்குச் செண்டை மேளம், வரவேற்புக்குப் பாட்டுக் குழு, முகூர்த்தத்துக்கு மட்டும் நீங்கள். பல கோயில்களில் சாயரட்சைக்கு மின்சார மேளம் தானாக இடித்துக்கொள்கிறது. நாள் முழுக்கக் காத்திருக்கும் நாயனக்காரருக்குச் சொற்பச் சம்பளம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமும் கிடையாது.

ராஜரத்தினம் பிள்ளை இதையெல்லாம் முன்பே பார்த்தவர். நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில் மேடை போடச் சொல்லி உட்கார்ந்து வாசித்தார். கிராப்பு வைத்துக்கொண்டார், கோட்டு போட்டுக்கொண்டார், சுருதிக்கு ஒத்து ஊதிய இடத்தில் தம்புராவைக் கொண்டுவந்தார். 1956-இல் அவர் மறைந்தார். அவர் கேட்டு வாங்கிய மரியாதையை மற்றவர்களுக்கும் கொடுக்க நாங்கள் இன்னும் பழகவில்லை. அதனால் உங்கள் பிள்ளைகளை நீங்கள் பாலிடெக்னிக்குக்கும் நர்சிங் கல்லூரிக்கும் அனுப்புவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கலை அழியக் கூடாது என்று மேடையில் முழங்குகிறவர்கள் தங்கள் வீட்டுப் பையன் கையில் தவில் கழியைக் கொடுத்துப் பார்க்கட்டும்.

உங்களிடம் கேட்கவும் ஒன்று உண்டு. வாசலில் வந்து நிற்கிற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்க்காதீர்கள். சின்ன மௌலானாவை நாச்சியார்கோயிலில் அப்படிப் பார்க்கவில்லை. அவருடைய சிஷ்யர்களான ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபி தம்பதிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாயனத்துக்குப் பெண்ணின் மூச்சு போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு காலீஷாபி வாசித்துக் காட்டியதைவிட வேறு பதில் வேண்டாம். எங்கள் தெருவில் இஸ்திரிக் கடைக்காரரின் பெண் பலகையில் கழியால் தட்டிச் சொற்கட்டு சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கேட்பவன் எதை எடுத்துப்போவான்?

கோவையிலும் கோயில் இருக்கிறது. பேரூரில் பங்குனி உத்திரத் திருவிழா இருக்கிறது, நாயனமும் இருக்கிறது. அங்கே இல்லாதது, ஊரே உங்களுக்காக ஒதுக்கிவைத்த அவகாசம். ராத்திரி பத்து மணிக்குத் தெருமுனையில் பைரவி தொடங்கினால் பதினொன்றுவரை யாரும் கடிகாரம் பார்க்காத அந்தப் பழக்கம். திண்ணைக் கிழவர் ஒருவர் ‘அடடா’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் சரியாகச் சொல்வாரே, அது. உங்கள் சங்கீதத்தை என்னால் எடுத்துப்போக முடியாது. அது நடப்பதற்கு வேண்டிய நிபந்தனைகளை எடுத்துப்போக முடியும். கேட்பவனால் ஆகக்கூடிய கைங்கரியம் அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

ஆகவே இந்த மடல் விடைபெறுவதற்கு மட்டுமல்ல. ஒரு நிகழ்ச்சி பேசுவதற்கும்தான். வருகிற தை மாதம் கோவையில் என் மகளுக்குக் கல்யாணம். உங்களில் ஒரு செட்டு வர வேண்டும்: இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதிக்கு ஒருவர். ஜனசதாப்தியில் போகவர டிக்கெட் என் பொறுப்பு. தவிலுக்கு இடம் போதாதென்றால் அதற்கும் சேர்த்து வாங்கிவிடுகிறேன். தொகையை நீங்கள் சொல்லுங்கள், பேரம் கிடையாது. பாதி முன்பணம், மீதி நீங்கள் வாத்தியத்தை உறையில் போடும் முன்பே. சாப்பாடு விருந்தாளிகளோடு முதல் பந்தியில்.

மண்டபத்துக்குள் மைக் இருக்காது. பாட்டுக்குச் சீட்டு வராது. படம் பிடிப்பவரிடம் எழுதி வாங்கிவிடுகிறேன், அவர் கை உங்கள் பக்கம் நீளாது. முகூர்த்தத்தில் கெட்டிமேளத்துக்குச் சைகை காட்ட ஒரே ஒரு பெரியவர்தான். மற்ற விரல்களை நான் பார்த்துக்கொள்கிறேன். முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம்வரை தெருவிலேயே நடக்கும். காவல் நிலைய அனுமதிக்கு மனு எழுதிவிட்டேன். மல்லாரி சுவாமிக்கு உரியது என்பது தெரியும், அதைக் கேட்க மாட்டேன். பைரவியா, காம்போதியா, அன்றைக்கு எது வருகிறதோ அது.

சம்பந்தி வீட்டில் திறந்த ஜீப் ஏற்பாடு செய்வதாக இருந்தார்கள். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். மாப்பிள்ளை நடந்துதான் வருவார். மெல்ல நடக்கும்படி சொல்லிவைத்திருக்கிறேன். நீங்கள் நிற்கும் இடத்தில் அவரும் நிற்பார், ஊர்வலமும் நிற்கும், எவ்வளவு நேரமானாலும்.

தை மாதம் முகூர்த்தம் அதிகம், உங்களுக்குத் தேதி சிக்காது என்று தெரியும். ஜோசியரிடம் மூன்று நாள் குறித்து வாங்கியிருக்கிறேன். எது உங்களுக்குத் தோதுப்படும் என்று சொன்னால், அந்த நாளுக்கே பத்திரிகை அடித்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பின்னால் நடந்த கோவைக்காரன்